சித்திரையில் ஒரு வனபோஜனம்

எங்கள் ஆபீஸில் வருடத்துக்கு ஒருமுறை டீம் அவுட்டிங் என்று ஒன்று வரும். ஊருக்கு வெளியே ஏதாவது தோப்பு, பண்ணை, காட்டோரத்து ரிசார்ட் என்று பிடித்து, பஸ் வைத்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மரத்தடியில் இலை போட்டுச் சாப்பாடு, பிறகு கயிறு இழுக்கும் போட்டி. நான் போவதில்லை. முதல் வருடம் காய்ச்சல் என்றேன். இரண்டாம் வருடம் உறவில் கல்யாணம் என்றேன். மூன்றாம் வருடத்திலிருந்து யாரும் கேட்பதில்லை. திமிர் பிடித்தவள் என்று பெயர் கிடைத்துவிட்டது, அது எனக்குச் சௌகரியம்தான். மரங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. மரத்தடியில் இலை போடுகிறவர்களைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

அப்போது எனக்கு எட்டு வயது. லிங்கராஜபுரத்தில் ஒரு சந்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி, எங்களோடு அம்மாவின் தங்கையான சித்தி. பெரியவர்கள் மூவரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடிய பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிழைப்பைத் தேடிக்கொண்டு பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது, புத்தர் படம் ஒன்றுதான். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் அப்பா பௌத்தம் என்று எழுதுவார். வகுப்பில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது இல்லை என்பதால் எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

சித்தி ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அதே கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது, அவருக்கும் அவளைப் பிடித்திருந்தது. கன்னடக்காரர். ஹொசகோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். நான் அவரை அங்கிள் என்பேன். எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா வைத்த கோழிக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். சித்தி பேசிப் பேசி அவருக்குத் தமிழும் வந்துவிட்டிருந்தது. இதைவிட நல்ல மனிதர் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். எனக்குச் சாக்லேட் வேறு வாங்கி வருவார்.

அவருடைய வீட்டில் சித்தியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், குடும்பத்தோடு ஊருக்கு வரவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடானது. அந்த ஒரு நாள் நல்லபடியாக முடிந்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. இது எட்டு வயதான எனக்கே தெரிந்திருந்தது, ஏனென்றால் சித்தி ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று கன்னடத்தில் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

அங்கிள் முன்கூட்டியே ஒன்று சொல்லியிருந்தார். வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள் என்று மட்டும் சொன்னால் போதும், முதல் தடவையே மற்றதையெல்லாம் பேசவேண்டாம், பிறகு அவரே பக்குவமாகச் சொல்லிக்கொள்வார். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

"கேட்டா சொல்லுவேன். நானா போய் தம்பட்டம் அடிச்சிக்கினு இருக்கமாட்டேன். ஆனா கேட்டா சொல்லுவேன்" என்றார்.

"யாரும் கேக்க மாட்டாங்க மாமா" என்றாள் சித்தி.

தம்பிக்கு அம்மை போட்டிருந்ததால் அம்மா வரவில்லை. படியில் நின்றபடி அப்பாவிடம் வாயைக் கட்டிக்கொள்ளும்படி மூன்று முறை சொல்லி அனுப்பினாள். எல்லாரும் அப்பாவின் வாயைத்தான் காவல் காத்தார்கள். என் வாயை ஒருத்தரும் நினைக்கவில்லை.

அங்கிள் தன் காரில் வந்து கூட்டிப்போனார். ஏசி கார். கே.ஆர்.புரம் பாலத்தைத் தாண்டி, லாரிகளையும் ஆலைச் சுவர்களையும் தாண்டி, ஹொசகோட்டைக்கு அப்புறம் பிரிந்து உள்ளே போனதும் மண் திடீரென்று செக்கச்செவேல் என்று மாறியது. தக்காளிச் செடிகளைக் குச்சி நட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். திராட்சைப் பந்தல், சாமந்தித் தோட்டம், மல்பெரி, நடுநடுவே உழுது காயப்போட்ட ராகி நிலம். நிலம் முடிகிற இடத்திலெல்லாம் நீலகிரி மரங்கள் வரிசையாக நின்றன. எங்கள் சந்தில் இருந்ததே ஒரு முருங்கை மரம், அதன் அடியிலும் நாலு பைக் நிற்கும். ஒரே சமயத்தில் இத்தனை மரங்களை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு வந்தேன்.

அவர்கள் வீடு பெரியது. வரவேற்பும் தடபுடல்தான். வெளிக்கூடத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். நடுக்கூடத்தில் பாய் விரித்து, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு இலைகள் போட்டு, ஓரமாக உப்பும் வைத்தாகிவிட்டது. ஒப்பட்டு, அதாவது போளி, வேகிற நெய் வாசனை. அங்கிளின் அம்மாவுக்கு என்னை உடனே பிடித்துவிட்டது. பொறந்து நாலு நாளான கன்றுக்குட்டி இருக்கிறது, பார்க்கிறாயா என்று கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியில் ஒரு சாமந்தியைப் பறித்து என் சடையில் செருகினாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்தில் கன்றைப் பற்றி ஏதோ சொல்ல, அவள் மெச்சிக்கொண்டாள். எனக்குக் கேட்கவேண்டுமா, தலையில் கிரீடம் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் கேட்டாள்: "நீவு யாவ ஜன, புட்டி?"

நீங்கள் என்ன ஜனம், குட்டி. ஜனம் என்றால் மக்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஜனம் என்றால் சாதி என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே நான், நாங்கள் தமிழ் ஜனம் என்று கன்னடத்தில் பதில் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அது கொத்து. அதரல்லி யாவ ஜன?"

அது தெரியும், அதற்குள் எந்த ஜனம் என்கிறாள். வினாடி வினாப் போட்டியில் இரண்டாவது சுற்றுக்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அசத்திவிட்டேன். எங்கள் ஊர் தங்கவயல், தாத்தா சுரங்கத்தில் பாறை உடைத்தார், அவர்கள் எல்லாரும் காலனி லைன் வீட்டில் இருந்தார்கள், எங்கள் வீட்டில் சாமி கிடையாது, நாங்கள் பௌத்தர்கள். ஒரு பிழை இல்லாமல் கன்னடத்தில் கடகடவென்று ஒப்பித்தேன்.

"ஹௌதா" என்றாள். அப்படியா என்று அர்த்தம். என் கையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். என் கன்னடத்தைக் கேட்டு மலைத்துப்போய்விட்டாள் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்ச நேரம் கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது வெளிக்கூடத்தில் அப்பாவும் சித்தியும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். உள்ளே யாரோ அடிக்குரலில் பேசும் சத்தம் வந்தது. வெகுநேரம் கழித்து அங்கிள் வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. இன்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் இழுத்துக் கட்டினதாகத் தெரிகிறது.

"சாப்பாடு நம்ம தோப்புல. அம்மா உங்களுக்கு வனபோஜனம்னு பிளான் பண்ணிட்டாங்க" என்றார்.

வனம், போஜனம். இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும். காட்டுக்குள் சாப்பாடு! நான் எழுந்து குதித்தேன். அப்பா மட்டும் நடுக்கூடத்து இலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வனபோஜனம் கார்த்திகையிலதான பண்ணுவாங்க? இது சித்திரை ஆச்சே" என்றார்.

"சும்மா நேச்சர்ல, மாமா. பாப்பாவுக்குப் பிடிக்கும்னு" என்றார் அங்கிள்.

கார்த்திகை மாதத்தில் வீட்டோடு சமைத்து எடுத்துக்கொண்டு போய், நெல்லி மரத்தடியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். வீட்டுக்காரன், வேலைக்காரன், வந்தவன், போனவன் எல்லாருக்கும் ஒரே நிழல் என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். அப்பாவுக்கு அது தெரியும். சித்திக்கும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது. அப்பா எழுந்து அப்போதே வெளியே நடந்திருப்பார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவேளை நிஜமாகவே குழந்தைக்காகத்தானோ என்னவோ என்று நம்புவதற்கு அவள் அன்று தயாராக இருந்தாள்.

தோப்பு வீட்டிலிருந்து கொஞ்ச தூரம், வரப்பில் நடந்து போகவேண்டும். நான் முன்னால் ஓடினேன். அந்தத் தோப்பு அழகு என்பதை நான் மறுக்கமாட்டேன். மாமரங்கள், நாவல், பெரிய பெரிய புங்க மரங்கள். புங்கம்பூ உதிர்ந்து தரை முழுக்கப் பொரியைக் கொட்டினாற்போல் கிடந்தது. வெளியே மண்டை பிளக்கும் வெயில், உள்ளே கால் வைத்ததும் ஜில்லென்று இருந்தது. மாவிலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு எறும்புகள் கூடு கட்டியிருந்தன. கொம்பில் ஒரு கீரிப்பிள்ளை ஏறி இறங்கியது, அணில் என்று அப்பா சொன்னார், நான் கேட்கவில்லை. தோப்பு முடிகிற இடத்திலிருந்து நீலகிரிக் காடு ஆரம்பித்து, கண்ணுக்கு எட்டினவரை போய்க்கொண்டிருந்தது.

புங்க மரத்தடியில் மூன்று இலைகள் போட்டிருந்தன. மூன்றே மூன்று.

அவர்கள் நிலத்தில் கூலி வேலை பார்க்கும் ஒரு பெண் கூடையில் சாப்பாட்டைக் கொண்டுவந்து பரிமாறினாள். பருப்புக் கோசம்பரி, பல்யா என்று அவர்கள் சொல்கிற பொரியல், சோறு, சாறு, ஒப்பட்டு. எங்களை இங்கே விட்டுவிட்டு அங்கிள், இதோ வருகிறேன் என்று வீட்டுப் பக்கம் போயிருந்தார். சித்தி இலையில் கை வைக்கவில்லை.

"அவர் வரட்டும்" என்றாள்.

பரிமாறிய பெண் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பிரியமாக, "நீவு நம் ஜனானே அந்தெ" என்றாள். நீங்களும் நம்ம ஜனம்தானாமே. உள்ளே பேசிக்கொண்டார்களாம், அவள் காதில் விழுந்ததாம்.

"யார் சொன்னது?" என்று சித்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

"நான்தான்" என்றேன் ஒப்பட்டை மென்றுகொண்டே. "அந்த ஆன்ட்டி கேட்டாங்க. நான் ஃபுல்லா கன்னடத்துலயே சொன்னேன்."

அடி விழுமோ என்று இப்போது கதையாகச் சொல்லும்போது எனக்குத் தோன்றுகிறது. அன்று அப்படி எதுவும் தோன்றவில்லை. அப்பா இடது கையை என் தலைமேல் வைத்து, "கரெக்டாத்தான் சொல்லிக்கீற" என்றார். எனக்குப் பரிசு வாங்கின மாதிரி இருந்தது.

சித்தி என்னை அழைத்து, "போய் அங்கிளைக் கூட்டிக்கினு வா. சித்தி சாப்பிடாம உக்காந்துக்கினு இருக்கான்னு சொல்லு" என்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதன் வந்து அந்தப் புழுதியில் அவள் பக்கத்தில் நாலாவது இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், மற்றவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மற்றதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

நான் வரப்பில் ஓடினேன். வெளிவாசலிலிருந்து பார்த்தால் நடுக்கூடம் நேராகத் தெரியும். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிளும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் அவருடைய அம்மா நெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகக் கூப்பிட்டேன். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் வாயில் சோறு இருந்ததால் இடது கையைத் தூக்கி, "ஹோகு புட்டி, பர்த்தீனி" என்றார். போ, வருகிறேன். எனக்கு அவர்களைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. அவ்வளவு பெரிய தோப்பைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, இந்த வெயிலில் கூடத்துக்குள் புழுங்கிக்கொண்டு சாப்பிடுகிறார்களே.

அப்படியே ஓடிவந்து சித்தியிடம் சொன்னேன். "அங்கிள் உள்ளயே உக்காந்து சாப்பிடறார் சித்தி. எல்லாரும் உள்ளதான் சாப்பிடறாங்க. பாவம், அவங்களுக்கு வனபோஜனம் இல்ல."

அப்பா இலையை மூடினார். "எழுந்திரு, போலாம்" என்றார்.

"இரு மாமா. பாப்பா சாப்ட்டு முடிக்கட்டும்" என்றாள் சித்தி.

என் வாழ்க்கையில் நான் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமென்றால் அந்த அரைமணி நேரத்தைத்தான் கேட்பேன். நான் அவசரப்படவே இல்லை. இன்னொரு ஒப்பட்டு கேட்டேன். நெய் கேட்டேன். நடுநடுவே எழுந்துபோய் எறும்புக் கூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். புங்கம்பூ சோற்றில் விழுந்தபோது சிரித்தேன். சித்தி என் எதிரில், தொடாத இலைக்கு முன்னால், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அப்பா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்கள் இருவரும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், எனக்காக. அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கை கழுவியதும், வீட்டுப் பக்கம் திரும்பாமல் அப்பா நேராக நீலகிரிக் காட்டுக்குள் நடந்தார். பரிமாறிய பெண்தான் மெயின் ரோட்டுக்கு அது குறுக்கு வழி என்று கையைக் காட்டினாள். எனக்கு இன்னும் கொண்டாட்டம். சாப்பாட்டுக்குப் பிறகு காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பட்டை உரிந்து உரிந்து வெள்ளையாக நின்ற மரங்கள். சருகு காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இலையைக் கசக்கி மோந்தால் சளிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை. நான் ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு ஓடினேன். சித்தி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில் குத்திய முள்ளைக்கூட எடுக்காமல், வேகவேகமாக நடந்தாள். அழுதுகொண்டே நடக்கிறாள் என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தேன்.

ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே அங்கிளின் கார் நின்றது. அவர் வேறு வழியாகச் சுற்றி ஓட்டிவந்துவிட்டிருந்தார். இறங்கி ஓடிவந்தார். மன்னித்துவிடு என்றார். எல்லாரும் சேர்ந்து உட்காரவைத்துவிட்டார்கள், பெரியப்பா முன்னால் தன்னால் எழுந்திருக்க முடியவில்லை என்றார்.

"அவங்க பழைய ஆளுங்க. கொஞ்சம் டைம் குடு. கல்யாணம் ஆயிட்டா எல்லாம் தானா சரியாயிடும்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்பா விலகிப்போய் நின்றுகொண்டார். முடிவு சித்தியுடையது. அங்கிள் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். சித்தி அவரைப் பார்த்தாள், அந்தக் காட்டைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். மெதுவாகப் போய்க் கதவின் மேல் கையை வைத்தாள். ஏறப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அவள் ஏன் அழுகிறாள் என்பது எனக்கு அப்போது பளிச்சென்று புரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுப் போகவேண்டியிருக்கிறதே என்றுதான். யாராயிருந்தாலும் அழுகை வரத்தானே செய்யும். அவள் புடவையைப் பிடித்து இழுத்து, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழுவாத சித்தி. கல்யாணம் ஆயிட்டா நீ டெய்லி அந்த மரத்துக்கு அடியிலதான சாப்பிடுவ?"

சித்தி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

அங்கிள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அப்பா பின்னாலேயே வந்தார். கோலாரிலிருந்து வந்த ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினோம். உட்கார இடமில்லை, காற்றில்லை, மூட்டையும் கோழியுமாக ஒரே நெரிசல். ஏசி காரை விட்டுவிட்டு இதில் ஏற்றினாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தியோடு டூ விட்டேன். கே.ஆர்.புரத்தில் இடம் கிடைத்து அவள் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு தூரம் அழைத்து, நமக்கென்று தனியாகக் காட்டுக்குள் இலை போட்டுச் சாப்பாடு போட்டவர்களுக்கு ஒரு தாங்க்ஸ்கூடச் சொல்லாமல் வந்துவிட்டாளே என்று அன்று முழுவதும் எனக்கு அவள்மேல் கோபம்.